கடலில் பட்ட காயமா என்று கேளுங்கள்

இராமநாதபுரம் மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கும், கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவர்களுக்கும், செவிலியச் சகோதரிகளுக்கும் வணக்கம்.

எங்கள் கரையோர மக்கள் காயத்தோடு உங்கள் முன் வந்து உட்காரும்போது, "எங்கே பட்டது, கடலிலா?" என்று கேளுங்கள். பதிலைச் சீட்டிலும் பரிசோதனைப் படிவத்திலும் எழுதுங்கள். இந்த மடலின் முதல் கோரிக்கை இதுதான். நான் மண்டபம் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் குடும்பத்தில் பிறந்தவள்; பள்ளியில் உயிரியல் பாடம் நடத்துகிறேன். இந்தச் சிறிய கேள்விக்காக ஏன் இத்தனை மன்றாடுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் வற்றும் நேரம் பார்த்து எங்கள் பெண்கள் பாசிக்குப் போகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி பாறையை இறுகப் பிடித்து வளரும். மூச்சடக்கி முங்கி, விரலால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பாறையும் செத்த பவளமும் கையை அறுக்கும் என்பதால் பழைய துணியைக் கிழித்து விரல்களில் சுற்றிக்கொள்வார்கள். கரைக்கு வந்து அந்தத் துணியை அவிழ்க்கும் நேரத்தில் ஒரு முறை வந்து பாருங்கள். தோல் ஊறி, வெளுத்து, நகக்கண் வரை மெத்தென்று ஆகியிருக்கும். அந்த வெளுப்புக்கு நடுவே இரத்தம்கூடக் கசியாத கீறல்கள் இருக்கும். காலை முழுவதும் அந்தக் கீறல்களின் மேல் ஈரத்துணி ஒட்டியே கிடந்திருக்கிறது. உலர்ந்த, முழுமையான தோலைத் துளைத்து நுழைவது பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு முடியாத காரியம். ஊறிய தோலில் இந்த ஒரு கீறலே அவற்றுக்குப் போதும்.

உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நிலத்துக் கிருமிகள் பலவற்றுக்கு உப்பு ஆகாது என்பது உண்மைதான். ஆனால் வைப்ரியோ என்ற பாக்டீரியா இனத்தில் பெரும்பாலானவற்றுக்கு உப்பில்தான் வாழ்வே. அந்த இனத்தில் எல்லோரும் அறிந்தது காலராக் கிருமி. அது குடலைத் துளைத்து உடம்புக்குள் இறங்குவதில்லை. குடலுக்குள் இருந்தபடியே ஒரு நஞ்சைச் சுரந்து உடம்பின் நீரை வடித்துவிடுகிறது. அந்த நஞ்சை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே கண்டறிந்தார். அதன் உறவான வைப்ரியோ வல்னிஃபிகஸின் வழி வேறு. வெதுவெதுப்பான கடல்நீரில், அதிலும் மழைத்தண்ணீர் கலந்து உப்பு சற்றுக் குறைந்த கழிமுகங்களில், அது செழித்திருக்கும். காயத்தின் வழியே நேராகத் திசுவுக்குள் இறங்கும்.

கிருமி உள்ளே நுழைந்ததும் இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் அந்த இடத்துக்கு விரைகின்றன. கண்டதை விழுங்கிச் செரிக்கின்றன. நாம் சீழ் என்று துடைத்துப் போடுவது பெரும்பாலும் அந்தப் போரில் மடிந்த அணுக்களைத்தான். வல்னிஃபிகஸோ தன்னைச் சுற்றி வழுக்கலான ஓர் உறை போர்த்திக்கொண்டிருப்பதால் விழுங்க வரும் அணுவின் பிடியில் எளிதில் சிக்குவதில்லை. உடம்பிடம் இன்னொரு காவலும் உண்டு. கிருமிகள் பெருக இரும்புச்சத்து வேண்டும். நகையைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதுபோல, உடம்பு தன் இரும்பைப் புரதங்களுக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கு இந்தப் பூட்டு பெரும்பாலும் காப்பாற்றிவிடும். குடியாலோ மஞ்சள் காமாலையாலோ ஈரல் கெட்டவருக்குக் கட்டுப்பாடு தளர்ந்து இரத்தத்தில் இரும்பு மிகுந்திருக்கும். வல்னிஃபிகஸ் அதைப் பற்றி இழுக்கும் மூலக்கூறுகளைச் சுரந்து, எடுத்துக்கொண்டு பெருகும். சர்க்கரை நோயாளிக்கு வெள்ளையணுக்களின் சுறுசுறுப்பே குறைந்திருக்கும். கால் மரத்துப்போயிருந்தால் காயம் பட்டதுகூடத் தெரியாது.

சாதகமான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஒரு பாக்டீரியா, எட்டு மணி நேரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கு இது. "நாளைக்கு வந்து பாருங்கள்" என்று ஒரு காயத்தை அனுப்பி வைக்கும்போது இந்தக் கணக்கு உங்கள் மனதில் ஓட வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன். சர்க்கரையும் உண்டு, குடியும் உண்டு. காலையில் வள்ளத்தைக் கரையேற்றும்போது கெண்டைக்காலில் சிராய்ப்பு. மாலையில் வலி பொறுக்க முடியவில்லை. காயத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத வலி. போன இடத்தில் வலி ஊசியும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். இரவில் கால் கருநீலமாகி, நீர் கோத்த கொப்புளங்கள் கிளம்பின. உயிர் தப்பியது, முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. கடலில் பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. சீழிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பவும் இல்லை. எந்தக் கிருமி அந்தக் காலைத் தின்றது என்று எழுதிய ஒரு தாள்கூட எங்கும் கிடையாது. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வைப்ரியோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் டாக்சிசைக்ளினோடு மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஊசி, உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை என்பது நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. அந்தச் சந்தேகம் வருவதற்கான கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

இன்னொரு கிருமி, அவசரமே இல்லாதது. மைக்கோபாக்டீரியம் மரினம், காசநோய்க் கிருமியின் சொந்தம். மீன் அறுக்கும் கையில், பாசி பிய்க்கும் விரலில், சில வாரங்கள் கழித்து வலியில்லாத முடிச்சாக எழும்பும். சில நேரம் முன்கை வழியே வரிசையாக ஏறும். விழுங்க வந்த வெள்ளையணுவுக்குள்ளேயே தங்கி வாழக்கூடியது. உடம்பின் உட்சூடு அதற்கு ஒத்துவராது. 30 டிகிரி அளவில்தான் நன்றாக வளரும். ஆகவே கைகால்களோடு நின்றுவிடுகிறது. ஆய்வகத்தில் வழக்கம்போல் 37 டிகிரியில் வைத்தால் அது முளைக்காமலே போகலாம். படிவத்தில் "கடல் காயம்" என்ற இரண்டு சொற்கள் இருந்தால் ஆய்வகத்தார் 30 டிகிரியிலும் வைத்துப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் "கிருமி இல்லை" என்று முடிவு வரும். அந்தப் பெண் ஆறாத முடிச்சுகளோடு மருந்துக்கடைக்கும் வீட்டுக்கும் அலைவாள். இந்த நோய்க்கு மாதக்கணக்கில் மருந்து வேண்டும்.

டெட்டனஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். துருப்பிடித்த தூண்டில் முள்ளோ, கரையில் கிடக்கும் ஆணியோ ஆழமாகக் குத்தி, வாய் மூடிக்கொள்ளும் காயம். காற்றுப் புகாத அந்த ஆழத்தில்தான் டெட்டனஸ் கிருமியின் விதைத்துகள் விழித்தெழுகிறது. நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசையைத் தளரச் சொல்லும் சமிக்ஞைகளை அடைத்துவிடும். தாடை பூட்டிக்கொள்ளும் நாளில் காயம் ஆறியிருக்கவும் கூடும். நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புச்சக்தி உண்டாவதில்லை, தடுப்பூசி ஒன்றே காப்பு. எங்கள் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஊசி போட்டீர்கள். அதனால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள், நன்றி மறக்கவில்லை. ஆனால் ஐம்பது வயதில் பாசிக்குப் போகிறவளுக்குக் கடைசி ஊசி எப்போது போட்டது? கடலுக்குப் போகும் ஆண்களுக்கோ அந்தக் கணக்கே கிடையாது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசி வேண்டும்.

கேட்பவை பெரிய செலவில்லை. பாசி வள்ளங்கள் கரை சேரும் இடங்களில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாயும் சோப்பும் வேண்டும். கரைக்கு வந்ததும் துணியை அவிழ்த்து, நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினாலே பாதிக் கிருமி ஓடிவிடும். எங்கள் கரைகளில் குடிக்கவே குடத்துக்கு வரிசை நிற்பது உங்களுக்குத் தெரியும். 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் சகோதரிகள், அந்த நோயாளிகளிடம் கடலுக்குப் போவீர்களா என்றும் கேட்டுக் குறித்து வைக்கட்டும். போகிறவர்களின் கையையும் பாதத்தையும் பார்க்கட்டும்.

வரும் அமாவாசையை ஒட்டிப் பெண்கள் பாசிக்குப் போகும் நாட்களில், வள்ளங்கள் திரும்பும் நேரத்துக்கு ஒரு செவிலியரை டெட்டனஸ் ஊசியோடு எங்கள் கரைக்கு அனுப்புங்கள். பெண்களையும் வள்ளக்காரர்களையும் கூட்டி நிறுத்துவது என் பொறுப்பு. அவர்களின் பெயர், வயது, கடைசியாக ஊசி போட்ட ஆண்டு ஆகியவற்றை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இப்போதே நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

இப்படிக்கு,
மண்டபம் கடற்கரையிலிருந்து ஓர் ஆசிரியை