நான்கு பெட்டைகள் போதும்

அன்புள்ள மகன் முத்துவுக்கு, அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும், மருமகள், பாப்பா நலமும் அறிய ஆவல்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ தொடங்கப்போவதாகப் போனில் சொன்ன முள்ளெலிப் பண்ணையைப் பற்றி உன் அம்மா முன்னால் பேச வரவில்லை. அவள் இன்னும் அதைப் பெருச்சாளி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ பேசியபோது இங்கே மணி பத்தரை, அங்கே அமெரிக்காவில் பகல் பதினொன்று. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாய். அது இருக்கட்டும்.

நீ அனுப்பியவற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். நம் தேரிக்காட்டு முள்ளெலி வேறு, நீ வாங்கப்போகும் ஆப்பிரிக்க முள்ளெலி வேறு. நம்முடையதை மக்கள் பிடித்து, முள்ளைச் சுட்டுக் கக்குவான் இருமலுக்குக் கொடுத்துக்கொடுத்தே பாதியை ஒழித்துவிட்டார்கள். உனக்கும் ஆச்சி கொடுத்தாள். உனக்குச் சரியானது அதனால் அல்ல.

முதலில் நோட்டுப் போடு. எந்தக் கிடா, எந்தப் பெட்டை, அவற்றின் தாய் தகப்பன் யார், எதனால் செத்தன, எல்லாம் எழுத வேண்டும். 1991-க்குப் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து உங்கள் நாட்டுக்கு முள்ளெலி இறக்குமதி கிடையாது. உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பச் சேர்த்துப் பெருக்கியிருக்கிறார்கள். நடை தள்ளாடும் நோய் ஒன்று இருக்கிறதே, பெரும்பாலும் பின்னங்காலில் தொடங்குவது, அதற்கு மருந்து இல்லை. பரம்பரையாக வருவதாகத்தான் கருதுகிறார்கள். வம்சாவளி காட்டாதவனிடம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதே. இங்கே ஆட்டுக்காரர்களிடம் கிடாவை மாற்று, கிடாவை மாற்று என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டது. இப்போது உனக்கும் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டை எட்டு வாரத்திலேயே சினை பிடித்துவிடக்கூடும். அதனால் குட்டிகளைப் பால் மறந்ததும் ஆண், பெண் பிரித்துவிடு. ஆறு மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்காதே. சினைக்காலம் சுமார் 35 நாள். ஈனுவதற்கு முன்பே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றிவிடு. ஈன்ற பிறகு ஒரு பத்து நாளாவது கூட்டைக் கலைக்காதே, பாப்பாவை எட்டிப்பார்க்கவும் விடாதே. தாய் மிரண்டால் குட்டியைத் தின்றுவிடும். பிறக்கும்போது முள் தோலுக்கு அடியில் இருக்குமாம். தோல் நீர் கோத்து உப்பியிருக்கும், தாய்க்குக் கிழியாது. பிறகு சில மணி நேரத்தில் வெள்ளை முள் வெளியே வந்துவிடும். இத்தனை வருடம் மாடு, ஆடு பார்த்தவனுக்கே அதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளாட்டுக்குக் குட்டி குறுக்கே திரும்பிக்கொண்ட ராத்திரி, என் கை பெரிது என்று நீ உன் கையை உள்ளே விட்டுக் காலைத் திருப்பி எடுத்தாய். பத்தாவது படிக்கிற பையன், முழங்கை வரை ரத்தம், முகம் சுளிக்கவில்லை. ஊரெல்லாம் சொன்னேன். அப்படிப்பட்டவனைக் கால்நடை மருத்துவம் படிக்கச் சொன்னால் நாமக்கல் தூரம் என்றாய். டாலஸ் பக்கமா?

குளிர் விஷயம். அந்தப் பிராணிக்கு 24 டிகிரிக்குக் குறையாமல் சூடு வேண்டும். 18-க்குக் கீழே போனால் சுருண்டு உறங்கப் பார்க்கும், அந்த உறக்கத்திலேயே செத்தும் போகலாம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனியில் கரண்ட் போய், நீங்கள் காரில் உட்கார்ந்து போனுக்கு சார்ஜ் போட்டதை நாங்கள் மறக்கவில்லை. அன்றைக்குக் கூண்டு கூண்டாக முள்ளெலி இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

பாப்பா அதற்கு முத்தம் கொடுக்காமல் பார்த்துக்கொள். 2019-ல் வளர்ப்பு முள்ளெலிகளிடமிருந்து சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி பரவியபோது உங்கள் நாட்டு நோய்த்தடுப்பு மையமே அதைத்தான் சொன்னது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இனப்பெருக்கத்துக்கு நான்கு பெட்டை வரை அங்குள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, அதற்கு மேல் போனால் வேண்டும் என்று போட்டிருக்கிறது. நான்கு போதும். கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் வளர்ப்பதே சட்டவிரோதம். அங்கிருந்து யார் கேட்டாலும் அனுப்பாதே. ஆனால் நான்கு பெட்டை, ஈற்றுக்கு மூன்று நான்கு குட்டி என்று பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீனி, சூடேற்றும் கரண்ட், டாக்டர் செலவு போக அது ஒரு வீட்டு வாடகைக்குக் காணாது. சம்பளத்துக்கு மேல் ஒரு கைச்செலவு என்றால் சரி.

இன்னொன்று. உன் விசாவில் கம்பெனி வேலை தவிர வேறெதிலும் சம்பாதிக்கக் கூடாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் குட்டியை எப்படி விற்பாய்? இதற்கு மேல் கேட்டால் அடுத்த கேள்வியும் கூடவே வந்துவிடும், அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

வடக்குத் தெரு வாத்தியார் மகன் திரும்பி வந்துவிட்டான். அங்கே வேலை போனால் 60 நாள் கெடுவாமே, அதற்குள் வேறு இடம் அமையவில்லை. இப்போது திசையன்விளை ரோட்டில் முருங்கை போட்டிருக்கிறான். ஊர் ஒரு வாரம் பேசியது, பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டது. வாத்தியார் நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். நேற்று எனக்கு ஒரு கட்டுப் பனங்கிழங்கு கொடுத்தார்.

நோட்டுப் போட மறந்துவிடாதே. செத்த குட்டியையும் அதில் எழுது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு வேன் பேச வேண்டும். உங்கள் மூன்று பேரையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன், அதனால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. திரும்பிப் போகும் டிக்கெட்டையும் சேர்த்துப் போடுவதா வேண்டாமா என்பதை நீயும் மருமகளும் பேசிக்கொள்ளுங்கள்.

அப்பா