மண் குழி எங்கே என்பதைச் சரிவு முடிவு செய்யட்டும்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை – உழவர் நலத்துறைச் செயலர், வேளாண்மை இயக்குநர், மண் ஆய்வுப் பணியில் உள்ள அலுவலர்கள் ஆகியோருக்கு,

வணக்கம். மண்வள அட்டைக்காக மாதிரி எடுக்கும்போதும், மாவட்ட மண் வரைபடங்களைப் புதுப்பிக்கும்போதும், செயற்கைக்கோள் அளவீட்டில் கிடைக்கும் நில உயரத் தரவைக் கொண்டு முதலில் சரிவுகளைப் பிரித்துவிட்டு, அதன் பிறகே மாதிரி இடங்களையும், மண்ணின் அடுக்குகளைப் பார்க்கத் தோண்டும் மண் குழிகளையும் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். உயரத் தரவு இருந்தால் குழி தோண்ட வேண்டியதில்லை என்று வாதிடுவது என் நோக்கமல்ல. தோண்டப்போவது எப்படியும் சில குழிகள்தான் என்னும்போது, அவை எங்கே அமைய வேண்டும் என்பதில்தான் அத்தரவு உதவும் என்பதே என் வாதம்.

2015 பிப்ரவரியில் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியபோது, பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒன்று என்று கட்டம் பிரித்து மாதிரி எடுக்கும் விதி வகுக்கப்பட்டது. 10 எக்டேர்க் கட்டம் என்றால் பக்கத்துக்கு ஏறத்தாழ 316 மீட்டர். சமவெளியில் இது பெரிய குறையில்லை. ஆனால் கொங்கு நாட்டில் ‘காடு’ என்று சொல்லும் மேடுபள்ளமான மானாவாரி நிலங்களில், ஒரு மேட்டின் தலையிலிருந்து அடியில் ஓடும் பள்ளவாரி வரைக்கும் இந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். கட்டத்தின் பல இடங்களில் எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து, அரைக் கிலோவாகக் குறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், வருகிற அமில-கார நிலையும் உப்பின் அளவும் மேட்டு நிலத்துக்கும் பொருந்தாது, பள்ளக்காட்டுக்கும் பொருந்தாது.

நொய்யல் ஆற்றின் வடிநிலத்தில் ஒரு சரிவை மேலிருந்து கீழாக நடந்து பார்த்தால் இது விளங்கும். மேட்டின் தலையில் செம்மண். ஒன்றரை அடி தோண்டுவதற்குள் மண்வெட்டி நொறுங்கிய பாறையில் மோதுகிறது, பொறுக்கித் தீராத பரல்கற்கள், மழை பெய்த மறுநாளே கால் ஒட்டாத மண். சரிவின் நடுவில் அதே செந்நிறம்தான், ஆனால் மண்கண்டம், அதாவது பாறைக்கு மேலுள்ள மண், ஆழமாகிறது, கையில் உருட்டினால் கொஞ்சம் களி தட்டுப்படுகிறது. அடிவாரத்தில் நிறம் பழுப்பாகி, பள்ளத்தை நெருங்கும்போது கருத்துவிடுகிறது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அந்தக் கரிசலைத் தோண்டினால் இரண்டு மூன்று அடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான் கற்கள் எனும் சுண்ணாம்புக் கட்டிகள் வரும். மேட்டில் பாறை சிதையும்போது வெளிப்படும் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சிலிக்காவையும் நீர் கீழே அடித்துக்கொண்டு போகிறது. அவை தேங்கும் பள்ளத்தில், நீர்பட்டால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களிமங்கள் உருவாகின்றன. கோவை வட்டாரத்தின் இருகூர் வகைச் செம்மண்ணும் பெரியநாயக்கன்பாளையம் வகைக் கருமண்ணும் மண் ஆய்வு நூல்களில் தனித்தனித் தொடர்களாக, அதாவது தனி மண் வகைகளாக, பதிவானவை. களத்திலோ இப்படிப்பட்ட செம்மண்ணும் கருமண்ணும் பல இடங்களில் ஒரே சரிவின் இரு முனைகளாகவே இருக்கின்றன.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணியலாளர் ஜெஃப்ரி மில்ன் 1930-களிலேயே, மேடு முதல் பள்ளம் வரை மண் வகைகள் ஓர் ஒழுங்கில் தொடர்வதை விளக்கினார். 1941-இல் இன்னொரு மண்ணியலாளர் ஹான்ஸ் ஜென்னி மண்ணை உருவாக்கும் ஐந்து காரணிகளாகத் தட்பவெப்பம், உயிரினங்கள், நில அமைப்பு, தாய்ப்பாறை, காலம் ஆகியவற்றை வகுத்தார். ஒரு வட்டாரத்துக்குள் மழையும் காலமும் பெரிதாக வேறுபடாத நிலையில், வேறுபாட்டின் பெரும்பங்கை நில அமைப்பும் தாய்ப்பாறையுமே விளக்கும். இவற்றில் நில அமைப்பைத்தான் இன்று வானிலிருந்தே அளந்துவிட முடிகிறது.

அந்த அளவீடுகளுக்குச் செலவும் இல்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினோரு நாள் பயணத்தில் ரேடார் கொண்டு அளந்த உயரங்கள், 30 மீட்டர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. 2005-இல் ஏவப்பட்ட நம் கார்ட்டோசாட்-1, முன்னும் பின்னுமாகப் பார்க்கும் இரண்டு கேமராக்களால் எடுத்த படங்களிலிருந்து உருவான உயர மாதிரி (இடந்தோறும் நில உயரத்தைச் சொல்லும் எண் வரைபடம்) இஸ்ரோவின் புவன் தளத்தில் உள்ளது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் உயர மாதிரியும் 30 மீட்டரில் கிடைக்கிறது. மண்வள அட்டையின் ஒரு 10 எக்டேர்க் கட்டத்துக்குள் இத்தகைய 111 சதுரங்கள் அடங்கும். ஓர் ஏக்கருக்கு நான்கைந்து. ஒவ்வொரு சதுரத்துக்கும் சரிவு எவ்வளவு, நிலம் குழிந்திருக்கிறதா புடைத்திருக்கிறதா, மேலே எவ்வளவு பரப்பின் நீர் அங்கே வந்து சேர்கிறது என்பதையெல்லாம் சாதாரணக் கணினியிலேயே கணக்கிடலாம். வந்து சேரும் பரப்பையும் சரிவையும் சேர்த்து ஈரம் தங்கும் இடங்களைக் காட்டும் குறியீட்டை ஆய்வாளர்கள் பெவனும் கிர்க்பியும் 1979-இலேயே தந்துவிட்டார்கள்.

இந்தத் தரவிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதில் தெளிவு வேண்டும். மண்ணின் ஆழம், களியின் விகிதம், சுண்ணாம்பு, வடிகால் ஆகியவற்றைச் சரிவு ஓரளவு நன்றாகச் சொல்லும். தழை, மணி, சாம்பல் சத்துகளை அது சொல்லாது. ஏனென்றால் அவற்றைத் தீர்மானிப்பது போன பட்டத்தில் உழவர் போட்ட உரம். நம் அட்டையோ பெரும்பாலும் மேல்மண்ணின் மாறும் சத்துகளைப் பற்றியது. மண்கண்டத்தின் ஆழம் அதில் இடம்பெறுவதே இல்லை. சொட்டுநீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுவது, தென்னைக்கு இந்த நிலம் தாங்குமா, நிலக்கடலை இலை வெளுத்தால் அது சுக்கான் மண்ணில் இரும்புச் சத்து எட்டாததாலா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆழமும் களியும் சுண்ணாம்பும்தான் விடை. ஒருமுறை ஒழுங்காக அளந்தால் இவை பல ஆண்டுகளுக்கு மாறாதவை என்பதால், சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அட்டையிலிருந்து பிரித்து இவற்றுக்குத் தனி வரைபடம் போடுவதே சிக்கனம் என்பது என் கருத்து.

இனி, இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் வரும் கேடுகளுக்கு வருகிறேன். முதலாவது ஏரிகள். நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்கள் பெரும்பாலும், உயரத் தரவில் தெரியும் பள்ளங்களையெல்லாம் அளவீட்டுப் பிழையாகக் கருதி நிரப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகின்றன. சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ள மாநிலத்தில் இந்த ஒரு படி எத்தனை உண்மையான பள்ளங்களைத் தூர்த்துவிடும் என்று எண்ணிப் பாருங்கள். கரையால் தடுக்கப்பட்ட நீர் கரையைத் தாண்டி நேராக ஓடுவதாகக் கணக்கு வரும். நீரை வெளியேற்றும் மதகும் கலங்கலும் அந்தக் கணக்கில் இல்லை. கரைக்குக் கீழே ஆயக்கட்டில், அதாவது ஏரிப் பாசன நிலத்தில், உள்ள மண் தலைமுறை தலைமுறையாக நீர் தேக்கி நெல் விளைந்து உருவான மண். அதைச் சரிவு உருவாக்கியதாக எண்ணிக் கணித்தால் ஆயக்கட்டு முழுவதும் தவறாகவே வரும். ஆகவே நீர்வளத்துறையின் ஏரி எல்லைகளையும் ஆயக்கட்டு எல்லைகளையும் முதலிலேயே தனி அலகுகளாக வெட்டி எடுத்துவிட வேண்டும். இதை வெளிநாட்டில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் நமக்காகச் சொல்லாது.

அடுத்தது மரங்கள். ரேடாரும் கேமராவும் பார்ப்பது பெரும்பாலும் மரத்தின் தலையைத்தானே தவிர, மண்ணை அன்று. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் தரவில் சில மீட்டர் உயர்ந்த மேடுகளாகவே வரும். தோப்பின் எல்லையில் இல்லாத சரிவு ஒன்று முளைக்கும். மரங்களையும் கட்டடங்களையும் கழித்துத் திருத்திய உயர மாதிரிகள் இப்போது உள்ளன என்றாலும், தென்னைக்கு அவை எவ்வளவு சரி என்பதைத் தரையில் அளந்து பார்க்காமல் ஏற்கக் கூடாது.

காவிரியின் கழிமுகச் சமவெளிக்கு இம்முறை வேண்டவே வேண்டாம். கல்லணையிலிருந்து கடல் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் பரந்த நிலம் மொத்தத்தில் சில பத்து மீட்டரே இறங்குகிறது. ஒரு சதுரத்துக்கும் அடுத்த சதுரத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு ஓரிரு சென்டிமீட்டர் என்றால், மீட்டர் கணக்கில் பிழை உள்ள தரவு அங்கே எதைக் காட்டும்? அங்கே ஆற்றின் பழைய தடங்களையும் வண்டல் படிந்த வரலாற்றையும்தான் பின்தொடர வேண்டும். நீலகிரியின் படிக்கட்டு நிலங்களுக்கு வேறு சிக்கல்: 30 மீட்டர்ச் சதுரத்தில் படிகள் தெரியாது.

மனிதக் கை பட்டதையும் உயரத் தரவு அறியாது. ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடித்துக் கொட்டிய செம்மண் காடு, ஜேசிபி வைத்து மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்திய தோட்டம் ஆகியவை சரிவுக் கணக்குக்குள் வராதவை. அங்கே நிலத்துக்காரரைக் கேட்பதுதான் வழி. கேட்டதைப் பதிவு செய்ய மாதிரி எடுக்கும் படிவத்தில் ஓர் இடமும் வேண்டும்.

இன்னொன்று, யாரும் பயன்படுத்தாமல் கிடக்கிற ஒரு செல்வம் உங்கள் அரசிடமே இருக்கிறது. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் எதிரே ‘மண் வயனமும் ரகமும்’, ‘மண் தரம்’ என்ற பத்திகள் உள்ளன. தீர்வை விதிப்பதற்காக நிலங்களை வகைப்படுத்தியபோது எழுதப்பட்டவை அவை. வரிக்கான வகைப்பாடு என்பதால் அறிவியல் துல்லியத்தை அதில் எதிர்பார்க்க முடியாதுதான். என்றாலும் எந்தச் செயற்கைக்கோளும் தராத புலவாரியான குறிப்பு அது. சரிவுக் கணக்கு கரிசல் என்று சொல்லும் புலத்தைப் பதிவேடு செம்மண் என்று சொன்னால், அடுத்த குழியை அங்கே தோண்டலாம். தாய்ப்பாறைக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வரைபடத்தைச் சேர்க்க வேண்டும். மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புப் பாறை ஓடுகிற இடத்தில் சரிவை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்.

பக்கத்துக் கர்நாடகத்தில், உலக வங்கி உதவியுடன் நடந்த சுஜலா மூன்றாம் கட்டத் திட்டத்தில், தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனத்தின் துணையோடு நீர்வடிப் பகுதி நீர்வடிப் பகுதியாக, புல வரைபடத்தின் அளவிலேயே நில வளக் கணக்கெடுப்பு செய்திருக்கிறார்கள். அதே அளவுக்கு ஆட்களும் பணமும் நம்மிடம் உடனே இல்லாமலிருக்கலாம். இருக்கிற சில குழிகளை முகடு, மேல்சரிவு, நடுச்சரிவு, அடிவாரம், பள்ளம் என்று நிலையறிந்து பிரித்து வைப்பதற்கு ஆள் கூடுதலாகத் தேவையில்லை.

வரைபடத்தை வெளியிடும்போது ஒவ்வொரு இடத்திலும் கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் அதனோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கணிப்பில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த குழிகளைக் கொண்டு சோதித்த பிழையளவும் வெளிவர வேண்டும். நிறம் தீட்டிய வரைபடம் ஒன்று கையில் வந்துவிட்டால் அதன் ஒவ்வொரு சதுரமும் தோண்டிப் பார்த்த உண்மை என்றே வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் எடுத்துக்கொள்ளும். நாளை ஒரு உழவரின் கடனோ இழப்பீடோ அந்தச் சதுரத்தின் நிறத்தால் மறுக்கப்பட்டால், அதை எதிர்த்து வாதிட அவருக்குப் பிழையளவு தேவைப்படும்.

முதற்படியாக நொய்யலின் ஒரு சிறு துணை வடிநிலத்தில் இதைச் செய்து பார்க்கலாம். கரிசல் வெடித்து நிற்கும் சித்திரை, வைகாசியே குழி தோண்டவும் மண்ணின் அடுக்குகளைப் பார்க்கவும் வசதியான பருவம்; ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பள்ளக்காட்டுக் குழியில் நீர்தான் நிற்கும். எனவே மாசி மாதத்துக்குள் சரிவுப் பிரிப்பை முடித்து, குழி தோண்டும் புல எண்களின் பட்டியலை அந்தந்த ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டவும், நிலத்துக்காரர்களின் இசைவைப் பெறவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நொய்யல் வடிநிலத்தில் மண் வரைபடப் பணி செய்யும் ஒருவர்