எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கம்: 2024–2025 ஆண்டறிக்கை

தலைவி அக்கா அவர்களே, பெரியம்மாமார், சின்னம்மாமார், அக்கா தங்கைமார், சுவரோரம் நிற்கும் ஐயாமார், தம்பிமார் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில்தான் நடந்தன. செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பொதுத் தேர்தல் என்று ஒரே வருடத்தில் இரண்டு வந்ததில், கூட்டம் என்று சொல்லியனுப்பினாலே "எந்தக் கட்சி?" என்று கேட்டார்கள். அதனால் ஒன்றிரண்டு கூட்டங்கள் தள்ளிப்போயின. சீட்டு, மரண வீட்டு உதவி, கோயில் சுத்தம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. அவற்றின் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் கூடுதலாகச் சொல்லப்போவது தீபாவளிக்குப் பிறகு தைப்பொங்கல் வரை நாம் செய்த கைவேலைகளைப் பற்றி.

போன வருடாந்தக் கூட்டத்தில் வந்த யோசனை வேறு. பெண்கள் கைவேலை பழகி, நுவரெலியா டவுனில் விற்று, வருமானம் பார்க்க வேண்டும் என்றார்கள். இதை நாம் முன்பும் கேட்டிருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் வந்து வெட்டுத்துணியில் கால்மிதி செய்யப் பழக்கியது. சான்றிதழ் தந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அந்தக் கால்மிதிகள் இன்னும் நம் வீட்டு முன் இஸ்தோப்புகளில் கிடக்கின்றன. நல்ல கால்மிதிகள்தான், குறை சொல்லவில்லை. வாங்கத்தான் ஆள் வரவில்லை.

இந்த முறை குழுவில் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நுவரெலியா பேல் பஜாரில் ஏற்றுமதியில் மிஞ்சிய ஜாக்கெட்டுகளும் சுவெட்டர்களும் குவிந்து கிடக்கின்றன. நாம் புது நூல் வாங்கிக் கையால் பின்னும் தொப்பி, அந்த விலையோடு எந்தக் காலத்திலும் போட்டி போட முடியாது. சரி, விற்க வேண்டாம், நம் பிள்ளைகளுக்கே செய்வோம் என்று முடிவாயிற்று. இந்த முடிவு சிலருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரியும். செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று அரச வர்த்தமானி வந்தது, வருடக் கடைசியில் தேங்காய் விலை எங்கேயோ போனது. இந்த நிலையில் காசு வராத வேலைக்கு ஏன் உட்கார வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி. என் பதில் கீழே இருக்கிறது, கேட்டுவிட்டுச் சண்டை பிடியுங்கள்.

காலத்தைத் தெரிந்தேதான் எடுத்தோம். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. மூடுபனி இறங்கினால் அடுத்த லயம், அதாவது அடுத்த வரிசை வீடுகள், தெரியாது. கொழும்பில் கடையிலும் கார்மென்ட்ஸிலும் நிற்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வராவிட்டால் கிறிஸ்மஸ் என்ற நத்தாருக்கு, அதற்கும் வராவிட்டால் பொங்கலுக்கு ஹட்டனில் வந்து இறங்குவார்கள். பழக்க ஆளும், பழக ஆளும் ஒரே காம்பராவில் இருப்பது வருடத்தில் அந்தக் கொஞ்ச நாள்தான்.

தொப்பிக்குப் புது நூல் உருண்டை வாங்குவதில்லை, பழைய சுவெட்டரைப் பிரிப்பது என்று தொடங்கினோம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பக்கத் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். கை, முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியாகப் பின்னிக் கோர்த்தது என்றால் தையலை அவிழ்த்ததும் நூல் நீள இழையாக வரும். துணிபோல வெட்டி ஓரத்துக்கு ஓவர்லொக் தையல் அடித்தது என்றால் வரிசைக்கு வரிசை அறுந்து கையில் துண்டாக வரும், தலையணைக்குள் திணிக்கத்தான் உதவும். பிரித்த நூல் சுருண்டு நிற்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, அடியில் கல் கட்டித் தொங்கவிட்டால் நிமிரும். நம் ஊர்க் குளிரில் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். அவசரப்பட்டு, தேயிலைக் குச்சியான மிலாறு எரியும் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டவர்களின் தொப்பியில் புகை வாசம் இன்னும் இருக்கிறது.

ஊசிக்குச் சைக்கிள் கம்பியைத் தேய்த்துப் பார்த்தோம். குளிரில் அது விரலைக் கடிக்கிறது, அதோடு மிகவும் மெல்லிசு. மூங்கிலைச் சீவி, கண்ணாடித் துண்டால் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தடவியது நன்றாக வந்தது. தடித்த நூல் என்றால் 80 கண்ணி போட்டு, இரண்டு நேர்ப் பின்னல், இரண்டு மறுபுறப் பின்னல் என்று போனால் பெரியவர் தலைக்குச் சரியாக இருக்கும். அந்தப் பின்னல் இழுபடும், அதனால் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

தொப்பி பின்னிக்கொண்டிருந்தபோதுதான் ஐந்தாம் லயத்துப் பாட்டி தன் மாமியாரின் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தார். மழையில் தலையிலிருந்து முதுகு வரை போர்த்திக்கொண்டு கொழுந்து எடுத்த அந்தக் கறுத்த முரட்டுக் கம்பளி. கங்காணிமார் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களைக் கூட்டிவந்த காலத்தில் அந்தக் கம்பளியைச் சும்மா கொடுக்கவில்லை. அதன் விலையையும் வந்தவர்களின் கடன் கணக்கில் எழுதினார்கள். தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடன். பாட்டி இதைச் சொன்ன பிறகு, விற்கிறோமா இல்லையா என்ற பேச்சு அன்றைக்குக் கொஞ்சம் ஓய்ந்தது. நம் பிள்ளை தலையில் யாருக்கும் கடன்படாத ஒரு கம்பளி இருக்கட்டும் என்பதுதான் என் பதில்.

நவம்பர் கடைசி வார மழையில் வேலை நின்றது. வங்காள விரிகுடாவில் உருவான அந்தத் தாழமுக்கம்தான் பிறகு ஃபெங்கல் புயல் ஆனது. 25 ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தி, டிசம்பர் 4 இல்தான் மறுபடி நடத்தினார்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்ததால் மேட்டு லயத்துக் குடும்பங்களைப் பிள்ளைக்காம்பராவில் தங்கவைத்தோம். பிரித்து முடிக்காத நூல் மூட்டைகள் அந்த இரவுகளில் பிள்ளைகளுக்கு மெத்தையாகவும் ஆகின. உடனே சோறு சமைத்துக் கொண்டுவந்த கீழ் லயத்துப் பெண்களுக்குச் சங்கத்தின் நன்றி.

கார்த்திகை விளக்கீட்டுக்கு வீட்டுக்கு வீடு எண்ணெய் ஊற்ற இந்த வருடம் வசதி இல்லை. லயத்துக்கு ஒரு வரிசையாகச் சேர்ந்து வைத்தோம். சொக்கப்பனை கொளுத்த இந்த உயரத்தில் பனை ஏது? மூங்கிலை நட்டு, காய்ந்த சைப்ரஸ் கிளையைச் சுற்றிக் கட்டினோம். அப்புறம், மிச்ச மூங்கிலைத் தாத்தாமார் வீணாக்கவில்லை. அதை அப்படியே நத்தார் நட்சத்திரத்துக்குக் கீறினார்கள்.

நட்சத்திரக் கூட்டை எப்படிக் கட்டுவது என்று பிள்ளைகள் கேட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரே நீளத்தில் பத்துக் குச்சி. ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம், இன்னொரு ஐந்தில் மற்றது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனையிலும் கட்ட வேண்டும். பிறகு உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடத்திலும் சிறு கட்டையைச் செருகினால் வயிறு உப்பிக்கொண்டு வரும். கோதுமைமாப் பசையில் துளி மயில்துத்தம் போட்டால் கரப்பான் நக்காது. அதைக் கலக்கும் வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், அது விஷம். மெல்லிய தாள் ஒட்டியவை இரண்டாவது இரவே பனியில் தொய்ந்து கிழிந்தன, செலோபேன் ஒட்டியவை தாங்கின. முதலில் பொம்பிளைப் பிள்ளைகள் கையில் மூங்கில் கத்தி தர மாட்டேன் என்று நின்ற தாத்தா, கடைசியில் அவர்கள் கீறியதுதான் நேராக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதை இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

நத்தார் பாலன் குடிலுக்குப் பாசி எடுக்கக் காட்டுக்குள் போக வேண்டாம் என்று தீர்மானித்திருந்தோம். தண்ணீர் ஓடும் கான் சுவரில் இருக்கும் பாசியே போதுமானதாக இருந்தது.

கேக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் கிறிஸ்தவ வீட்டு அக்காமார் கோபிப்பார்கள். ரவை, முட்டை, கஜு, பிளம்ஸ், சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசி, இஞ்சித் தோசி. பழங்களை நவம்பரிலேயே வெட்டி ஊறவைத்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து சாமான் வாங்கியதால்தான் கட்டுபடியானது. டவுன் பேக்கரியில் பாண் எடுத்த பிறகு இருக்கும் சூட்டில் நம் தட்டுகளை வைத்துத் தந்தார்கள். தீப்பெட்டி அளவு துண்டாக வெட்டித் தாளில் சுற்றி எல்லா லயத்துக்கும் கொடுத்தோம். மார்கழி விரதம் பிடித்தவர்கள் முட்டை சேர்ந்ததைத் தொடவில்லை. இந்தக் கேக் கெடாது என்பதால், ஜனவரி 13 திருவாதிரை முடிந்து, மறுநாள் பொங்கலும் பொங்கிய பிறகே சிலர் தாளைப் பிரித்தார்கள். அப்போதுதான் ருசி ஏறியிருந்ததாம்.

மார்கழிப் பஜனைக்கு விடியற்காலையில் இத்தனை பிள்ளைகள் வந்தது சமீப வருடங்களில் இல்லை. பக்தி என்று ஐயர் சொல்கிறார், கடலைச் சுண்டல் என்று தாய்மார் சொல்கிறார்கள். புதுத் தொப்பியைக் காட்டத்தான் வந்தார்கள் என்பது என் கணிப்பு.

இவ்வருடம் நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு அறிக்கை முடிந்ததும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம்.

அடுத்த ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறோம். பிள்ளைக்காம்பராக் கூரைத் தகரம் ஒழுகும் இடத்தை மாற்றித் தரும்படி நிர்வாகத்துக்கு மறுபடி கடிதம் எழுதுவது. கேக் சாமானுக்கு ஆடியிலிருந்தே தனிச் சீட்டுப் பிடிப்பது. பழைய சுவெட்டர்களை ஐப்பசிக்குள் சேர்ப்பது. ஓவர்லொக் அடித்ததைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம், போன முறை கொண்டுவந்ததே இன்னும் ஒரு மூட்டை மூலையில் கிடக்கிறது.

அறிக்கையை ஏற்று முன்மொழிபவர், வழிமொழிபவர் கை உயர்த்தவும். அடுத்து பொருளாளர் கணக்கு வாசிப்பார்.

செயலாளர்
மாதர் சங்கம்