தரங்கம்பாடிப் பாதையின் மண்ணையாவது காத்துக் கொடுங்கள்

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும் ரயில்வே வாரியத்தாருக்கும்,

வணக்கம்.

மயிலாடுதுறைச் சந்திப்பில் பிரிந்து மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போய்ச்சேர்ந்த, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர் கேஜ் கிளைப்பாதையைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். 1926இல் திறந்த அந்தப் பாதை 1980களில் மூடப்பட்டது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர்போன திருக்கடையூர் வழியே ஓடிய வண்டி, தன்னுடைய அறுபதை ஒட்டியே நின்றுபோனது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பாதி வேடிக்கையாகவும் பாதி வருத்தமாகவும் சொல்வதுண்டு. புகை கக்கும் எஞ்சினைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அந்தப் பாதை கிடந்த மண்ணை, அது இன்னும் ரயில்வேயின் பெயரில் இருக்கும் அளவுக்காவது, கைவிட்டுவிடாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். கேட்பதற்கு முன்பு, அந்த வண்டி எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

நான் பொறையாறு ரயிலடியை ஒட்டிய தெருவில் வளர்ந்தவன். ரயில் நிலையத்தை ரயிலடி என்றுதான் தஞ்சைச் சீமையில் சொல்வோம். அங்கே தொங்கிய மணி கோயில் மணியைப் போல வார்த்த மணி அன்று. ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அதை இரும்புத் தடியால் தட்டினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். டிக்கெட் என்பது கட்டைவிரல் அகலத்தில் ஒரு தடித்த அட்டை. கொடுக்கும் முன்பு நிலைய அதிகாரி அதை ஓர் இரும்புப் பொறியின் வாயில் செருகி எடுப்பார். தேதி அட்டையில் பள்ளமாகப் பதிந்திருக்கும், இருட்டில் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து எஞ்சின் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தால் கண்ணில் கரித்தூள் விழும். என் தாயார் முந்தானை நுனியைத் திரித்து, அதன்மேல் வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றி எடுப்பார். அடுத்த முறையும் அதே ஜன்னலுக்குத்தான் நான் சண்டை போடுவேன்.

நீராவி எஞ்சினைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் கூவலைப் பற்றியும், வயலில் நாற்று நடுகிறவர்கள் அதை வைத்து மணி பார்த்ததைப் பற்றியும் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதைவிட நினைவில் நிற்பது எஞ்சின் விட்டுப்போன சாம்பல். கடைசி நிலையத்தில் எஞ்சின் பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றி வந்து மறுமுனையில் மாட்டிக்கொள்வதற்கு முன்பு, ஃபயர்மேன் அடுப்பைக் கிளறிக் கிட்டத்தையும் சாம்பலையும் கீழே தள்ளுவார். அது ஆறுவதற்குள் நாலைந்து பெண்கள் கூடையோடு வந்து நிற்பார்கள். முழுக்க எரியாத கரித்துண்டுகளைப் பொறுக்கிக் கொல்லுப்பட்டறைக்கும் டீக்கடை அடுப்புக்கும் விற்பது அவர்களுடைய பிழைப்பு. எங்கள் தெருவில் அப்படி மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒருத்தி இருந்தாள். ஒரு கிளைப்பாதையின் வரவுசெலவுக் கணக்கில் அவளுக்கு எந்தப் பத்தியில் இடம் இருந்திருக்க முடியும் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

1982இல் என் தகப்பனாருக்கு அறுபது நிறைந்தது. திருக்கடையூரில் அபிராமி சந்நிதியில் சாந்தி செய்வதென்று முடிவாகி, உறவினர் நாற்பது பேர், இரண்டு அண்டா, ஐந்தாறு குண்டான், வாழைக்கட்டு, காய்கறி மூட்டை, ஒரு நாதசுவரக் கோஷ்டி எல்லாமாகப் பொறையாற்றிலிருந்து காலை வண்டியில் ஏறினோம். தில்லையாடியைத் தாண்டினால் திருக்கடையூர், பயணம் சுருக்கம்தான். ஆனால் இறங்கும்போது பெரிய அண்டா கதவில் குறுக்கே சிக்கிக்கொண்டது. வண்டி கிளம்ப வேண்டிய நேரம் கடந்துவிட்டது. கடைசிப் பெட்டியில் நின்ற கார்டு பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்து, அண்டாவைச் சாய்த்துத் திருப்பச் சொல்லிக் கொடுத்து, அது நடைமேடையில் இறங்கிய பிறகு என் தகப்பனாரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத்தான் கொடியை அசைத்தார். 2018இல் எனக்கு அறுபதானபோது அதே சந்நிதிக்கு வேனில் போனோம். எண்பதைக் கடந்த என் அத்தைக்கு வேனில் போனால் வாந்தி வரும். பாதி வழியில் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. கோயில் வாசலில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அவர் வயதினரே. ஆண்டு முழுவதும் அறுபதும் எழுபதும் எண்பதும் நிறைந்தவர்களே தேடி வருகின்ற ஓர் ஊருக்கு, அவர்கள் எழுந்து நடமாடவும் கழிவறைக்குப் போகவும் வசதியுள்ள ஒரே வாகனத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதை அன்றைக்குத்தான் முழுமையாக உணர்ந்தேன்.

வருமானம் இல்லை என்பதால் மூடினோம் என்பது அன்றைய நிர்வாகத்தின் வாதம். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். பாதைக்கு இணையாகவே சாலை போகிறது. பேருந்து ஊருக்குள் வந்து ஏற்றிக்கொள்கிறது. வண்டியோ ஒரு நாளைக்குச் சில முறை மட்டும், அதுவும் மெதுவாக, போய்வந்தது. ஆனால் கிளைப்பாதையின் வருமானத்தைக் கணக்கிடும் முறையிலேயே ஒரு கோணல் இருக்கிறது என்பதைத் தங்கள் கணக்குத் துறையினர் அறியாதவர்கள் அல்லர். திருக்கடையூரில் ஒருவர் சென்னைக்கு டிக்கெட் வாங்கினால், தூரத்தை வைத்துப் பிரிக்கும்போது அந்தப் பணத்தில் மிகச் சிறிய பங்குதான் கிளைப்பாதைக்குச் சேரும். மீதி முழுவதும் முதன்மைப் பாதையின் வருமானமாகிவிடும். கிளையை வெட்டினால் அவர் மயிலாடுதுறை வரை பேருந்தில் வந்து அங்கே ரயில் ஏறுவார் என்று எதிர்பார்த்தார்கள். பேருந்தில் ஏறிய மனிதர் எதற்காக இடையில் இறங்க வேண்டும்? அவர் சென்னை வரை பேருந்திலேயே போய்விட்டார். வேர் தனக்கென்று காய்ப்பதில்லை என்பதற்காக அதை வெட்டிவிட்டு, மரம் ஏன் வாடுகிறது என்று பார்த்த கதைதான் இது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குப் போகும் பாதை சுமார் 14 கிலோமீட்டர்தான். 1976இல் அதையும் மூடினார்கள். 35 ஆண்டுகள் கழித்து 2011இல் அகலப்பாதையாக அது திரும்பி வந்தது. இன்றைக்கு மன்னார்குடியிலிருந்து சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் நேரடி வண்டிகள் புறப்படுகின்றன. கிளையின் நுனியாக மட்டும் இருந்த ஊர் வண்டிகளின் தொடக்க ஊராகிவிட்டது. 2010 டிசம்பர் கடைசியோடு மீட்டர் கேஜ் ஓட்டம் நின்ற மதுரை–போடி பாதை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்புக்குப் பிறகு 2023 ஜூனில் போடி வரை திறந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து உப்பளங்களின் ஓரமாக அகஸ்தியம்பள்ளி வரை செல்லும் 37 கிலோமீட்டர் பாதையும் அதே ஆண்டு ஏப்ரலில் மீண்டும் உயிர்பெற்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன பேரளம்–காரைக்கால் பாதையில் கூட, புதிதாக அகலப்பாதை போட்டு 2025இல் சோதனை ஓட்டமும் நடத்திவிட்டீர்கள். சுற்றியுள்ள கிளைகள் இத்தனை துளிர்த்த பிறகும் தரங்கம்பாடிக் கிளை மட்டும் பட்டது பட்டதாகவே கிடக்கிறது.

தண்டவாளத்துக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்த சீமை இது என்பதையும் நினைவூட்டுவது தவறாகாது என்று நினைக்கிறேன். அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலத்தீர்வையோடு ரயிலுக்கென்று தனியாக ஒரு வரி வசூலித்துப் பணம் சேர்த்து, 1894இல் மாயவரம் என்ற இன்றைய மயிலாடுதுறையிலிருந்து முத்துப்பேட்டைக்குப் பாதை போட்டது. நெல்லை விற்று அந்த வரியைக் கட்டிய உழவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்றைக்கு இந்த ஊர்களில் இருக்கிறார்கள். தானமாக எதையும் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு அன்றும் இருந்ததில்லை.

அன்றைக்கு இல்லாத காரணங்களும் இன்றைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமானது. சந்திப்பை விட்டுப் புறப்பட்டால் பாதையில் முதலில் வருகிற மன்னம்பந்தலில் பெரிய கல்லூரி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் அந்தப் பக்கமே போய்விட்டது. மறுமுனையில் தரங்கம்பாடி, 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையையும், 1706இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கிய கரையையும் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. இடையில் திருக்கடையூரைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

இருந்தாலும், நாளைக்கே தண்டவாளம் போடுங்கள் என்று நான் எழுதவில்லை. மீட்டர் கேஜுக்கு எழுப்பிய மேடு அகலப்பாதைக்குப் போதாது, அகலப்படுத்த வேண்டும். வாய்க்காலுக்கு வாய்க்கால் இருந்த சிறு பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டும். மயிலாடுதுறையை விட்டு வெளியேறும் இடம் இன்று நகரமாகிவிட்டது. செலவு பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டவாளம், ஜல்லி, பாலம் இவையெல்லாம் பணம் வரும் நாளில் வாங்கிக்கொள்ளக் கூடியவை. காவிரிக் கடைமடையின் நஞ்சை நடுவே முப்பது கிலோமீட்டருக்கு அறுபடாமல் நீண்ட ஒரு நிலக்கீற்று, ஒருமுறை துண்டுதுண்டாகக் கைமாறிவிட்டால், எத்தனை கோடி கொடுத்தாலும் எளிதில் மறுபடி ஒன்றுசேராது. சென்ற தை மாதம் ஆக்கூருக்கும் திருக்கடையூருக்கும் இடையில் அந்த மேட்டின்மேல் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். ஓர் இடத்தில் மேடு வயலோடு வயலாகக் கரைந்துவிட்டது. இன்னோர் இடத்தில் செங்கல் மதகு அப்படியே நிற்கிறது, அடியில் தண்ணீரும் ஓடுகிறது, மேலேதான் எதுவும் இல்லை. ஒரு வீட்டுக் கொல்லையில் ஆடு கட்டியிருந்த கம்பத்தைப் பார்த்தேன், தண்டவாளத் துண்டு. ஆட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக யாரும் வந்து இது யாருடையது என்று கேட்காத நிலத்தில், பக்கத்தில் இருப்பவர் கை வைக்கத்தான் செய்வார்.

ஆகவே என் முதல் வேண்டுகோள், அந்தத் தடத்தை ஒரு முறை முழுவதுமாக அளந்து, ரயில்வேக்குச் சொந்தமான பகுதி எது, கைவிட்டுப் போனது எது என்று ஊர்வாரியாக வெளியிட்டு, மிஞ்சியிருக்கும் இடங்களில் எல்லைக்கல் நட வேண்டும் என்பது. மீண்டும் பாதை போடுவதா இல்லையா என்பதைத் தாங்கள் பிறகு, நிதானமாக, முடிவு செய்யலாம். போடுவதில்லை என்று முடிவானால்கூட, அந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிடாமல், நடைபாதையாகவோ மிதிவண்டித் தடமாகவோ ஒரே கீற்றாக வைத்திருக்கலாம். பிற்காலத்தில் ஒருவருக்கு மனம் மாறினால் மண் இருக்கும். இடையில் குடிசை போட்டுக்கொண்ட ஏழைகள் இருப்பார்களானால், அவர்களை விரட்டுவதற்கு இந்த மடலைச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, ஆவணங்களைப் பற்றியது. அந்தக் கிளைப்பாதையின் நில வரைபடங்கள், நிலையங்களின் அமைப்புப் படங்கள், பழைய கால அட்டவணைகள் ஆகியவை தங்கள் அலுவலக அலமாரிகளில் எங்கேனும் இருக்குமானால், அவற்றைப் படமெடுத்துப் பொதுமக்கள் பார்க்கும்படி செய்ய வேண்டும். அந்த எஞ்சின்களில் கரி வாரிப் போட்ட ஃபயர்மேன்களில் உயிரோடிருப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். ஈரக்கரி போட்டால் எப்படிப் புகையும், ஏற்றத்தில் நீராவி குறைந்தால் எதைத் திறந்து எதை மூட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுடைய தோளிலும் காதிலும் இருக்கிற அறிவு. அதை இப்போது கேட்டு ஒலிப்பதிவு செய்துகொள்ளாவிட்டால் இன்னும் பத்து ஆண்டுகளில் கேட்பதற்கு ஆள் இருக்காது. இந்தத் திறமை தங்கள் துறைக்கு வெறும் பழங்கதை அன்று. பொன்மலைப் பணிமனையில் நீலகிரி மலை ரயிலுக்காக அண்மை ஆண்டுகளில்கூடப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து ஓட்டிக்காட்டியிருக்கிறீர்கள்; 1855இல் செய்த ஓர் எஞ்சினைப் பெரம்பூர்ப் பணிமனையில் பழுதுபார்த்து மீண்டும் ஓடவைத்திருக்கிறீர்கள். அவ்வளவு அக்கறையுள்ள துறையிடம்தான் இதைக் கேட்கிறேன். ஒரு பழைய எஞ்சினுக்குப் பளபளவென்று சாயமடித்து அலுவலக வாசலில் நிறுத்துவதைவிட, அதை ஓட்டியவரின் குரலைப் பதிந்து வைப்பதற்குச் செலவு மிகக் குறைவு.

அளவையாளர்கள் வருவதாக இருந்தால் முன்கூட்டித் தெரிவித்தால் போதும். மேடு கரைந்துபோன இடங்களில் பாதை எந்த வரப்பை ஒட்டிப் போனது, பொறையாறு ரயிலடியில் நடைமேடை எங்கே முடிந்தது, அந்தத் தண்டவாளத் துண்டு மணி எந்த மரத்தடியில் தொங்கியது என்பதையெல்லாம் காட்டுவதற்கு என்னைப்போல் இன்னும் சிலர் இருக்கிறோம். முழங்கால் வலி உள்ளவர்கள் என்பதால் வெயிலுக்கு முன், காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பொறையாறு ரயிலடியில் வளர்ந்த ஒருவன்