வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: விமானத்தில் போகும் நம்ம கடை ஊறுகாயும் நெய்யும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க.

ஆடி பிறந்தால் நம் கடைக்கு இரண்டு விதமான கூட்டம் வரும். பதினெட்டாம் பெருக்குக்குப் பவானி கூடுதுறை போகிறவர்கள் கட்டுச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் வாங்க வருவார்கள். மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிற பிள்ளைகளின் அப்பா அம்மா ஒரு முழத்துக்குப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். இந்த வருடம் அந்த இரண்டாவது கூட்டத்தில் பாதிப்பேர் படியேறியதும் முதலில் கேட்பது, "ஏனுங்க, அந்த வாட்ஸப்புல வந்தது நெசமுங்களா?" என்பதுதான். ஒவ்வொருவரிடமும் நின்று பேச முடியவில்லை. பாதி சொல்லி விட்டால் அதுவும் தப்பாகப் போய்ச் சேருகிறது. அதனால்தான் இந்த மடல்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நம் கடைக்குப் பல வருடமாக வருகிற ஒரு அம்மா, சிங்கப்பூரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போனார். அரைக் கிலோ நெய், பூண்டு ஊறுகாய் இரண்டு பாட்டில், மாங்காய்த் தொக்கு ஒரு பாட்டில், பருப்புப் பொடி வாங்கினார். நெய்யையும் ஒரு பாட்டில் ஊறுகாயையும் கைப்பையில் வைத்திருக்கிறார். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் செக்யூரிட்டி சோதனையில் இரண்டையும் எடுத்து வைத்துவிட்டார்கள். பெட்டிக்குள் போன இன்னொரு ஊறுகாய் பாட்டிலில் எண்ணெய் கசிந்து, குழந்தைக்குத் தொட்டில் கட்ட எடுத்துப் போன புதுச்சேலையில் இறங்கிவிட்டது. அந்த வருத்தத்தில் அவர் வீட்டுத் தம்பி ஒரு செய்தி எழுதிப் போட்டார். அது கோபி, கவுந்தப்பாடி, அந்தியூர் என்று எல்லாக் குரூப்பிலும் சுற்றிவிட்டது.

சேலை பாழானது என்று எழுதியது நியாயம். எண்ணெய் கசிந்தது என்று எழுதியதும் நியாயம். ஆனால் அதில் ஒரு வரி இருந்தது: "எடுத்துட்டுப் போக முடியாதுன்னு தெரிஞ்சேதான் வித்திருக்காங்க, காசு வாங்கினாப் போதும்." அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்க விடவில்லை.

அந்த நெய் எங்கிருந்து வருகிறது என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஊத்துக்குளியில் இருந்து வெண்ணெய் வந்து இறங்கும். அதைக் கடைக்குப் பின்னால் என் வீட்டுக்காரம்மாதான் உருக்குவார். முருங்கைக் கீரை ஒரு கொத்துப் போட்டு, கீரை மொறுமொறுவென்று ஆகும்வரை கிண்டி, அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி பாட்டிலில் ஊற்றுவார். ஆள் வைத்துச் செய்யலாமே என்று கேட்டால், "மணம் மாறிப்போயிரும்" என்பார். அப்படிச் செய்த நெய் குப்பைத்தொட்டிக்குப் போகும் என்று தெரிந்தே கொடுக்க எங்களுக்கு மனசு வருமா? காசுக்காக மட்டும் நடத்துவதென்றால் மெஷினில் அடைத்து வரும் நெய்யை வாங்கி அடுக்கிவிட்டுச் சும்மா உட்காரலாம். அதில் லாபமும் அதிகம், வேலையும் கிடையாது. அதைச் செய்யாமல்தான் இத்தனை வருடம் கடை நடக்கிறது. இதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்று கல்லாவில் நான் இல்லை. இருந்த தம்பி "கையிலயே வெச்சுக்குங்க, ஒடையாது" என்று சொன்னதாகச் சொல்கிறார்கள். அவர் இப்போது திருப்பூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் சொன்னதற்கும் நான்தான் பொறுப்பு. அந்த அம்மாவிடம் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது என்ற விதி வெளிநாட்டு விமானங்களுக்கு உண்டு. 2006-ல் திரவ வெடிபொருளை வைத்து விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதி ஒன்று பிரிட்டனில் பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு அது. இதில் நம்மவர்கள் ஏமாறுகிற இடம் இரண்டு. முதலாவது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லை, பாட்டில் எவ்வளவு பெரிது என்பதுதான் கணக்கு. 200 மில்லி பாட்டிலில் கால்வாசி இருந்தாலும் எடுத்து வைத்துவிடுவார்கள். இரண்டாவது, திரவம் என்றால் தண்ணீரும் பாலும் மட்டும் இல்லை. கரண்டியில் எடுத்தால் வழிவது, தடவினால் பரவுவது எல்லாமே அதில் சேரும். ஊறுகாய், தொக்கு, தேன், தயிர், சட்னி, பழனிப் பஞ்சாமிர்தம், நெய் எல்லாம் அந்தக் கணக்குத்தான். "நெய் உறைஞ்சு கல்லு மாதிரி இருக்குதே" என்று அந்த அம்மா அங்கே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, ஆனால் எடுபடாது. கைக்குழந்தைக்கான உணவுக்கும் மருந்துக்கும் இதில் விலக்கு உண்டு, பயணத்துக்குத் தேவையான அளவுக்கு.

முறுக்கு, எள்ளுருண்டை, கச்சாயம், கடலை உருண்டை, வழியில் சாப்பிடச் சப்பாத்தி, இட்லி, புளிசாதம் இவையெல்லாம் கைப்பையில் தாராளமாகப் போகலாம். மிளகாய்த்தூளும் காரப் பொடிகளும் பெட்டிக்குள் போகட்டும். கையில் இருந்தால் நிறுத்துவார்கள். அமெரிக்கா போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2018 ஜூன் கடைசியில் இருந்து, கைப்பையில் 350 மில்லிக்கு மேல் எந்தப் பொடி இருந்தாலும் தனியாகச் சோதிப்பார்கள். பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் பெட்டியிலேயே இருப்பதுதான் நிம்மதி.

அடுத்தது எண்ணெய் கசிவு. "மட்டமான மூடி" என்று அதே செய்தியில் எழுதியிருந்தார்கள். அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊட்டி போய் வந்தேன். ஊறுகாய்க்கு எதற்கு ஊட்டி என்று என் மகனே கேட்டான். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஏறச் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேலே காற்றழுத்தம் குறைவு, பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தைச் சுமார் ஆறாயிரத்தில் இருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது மாதிரி வைத்திருக்கிறார்கள். நாம் பெட்டி போடுகிற கீழ் அறையிலும் அதே கதைதான். ஊட்டி சுமார் 7,350 அடி. ஆக, விமானத்துக்குள் ஊறுகாய் பாட்டில் படுகிற பாட்டை ஊட்டியிலேயே பார்த்துவிடலாம்.

பன்னிரண்டு பாட்டில் எடுத்துப் போனேன், எல்லாம் நம் கடையில் விற்கிற அதே பாட்டில், அதே மூடி. ஆறை நிமிர்த்தி வைத்தேன், ஆறைப் படுக்க வைத்தேன். ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை டிஷ்யூ பேப்பர் சுற்றியிருந்தேன். குன்னூரில் டீக்குடிக்க நிறுத்தினபோதே, படுக்க வைத்ததில் இரண்டில் பேப்பர் மஞ்சளாகியிருந்தது. ஊட்டி போய்ச் சேர்ந்தபோது நான்கு. நிமிர்த்தி வைத்ததில் ஒன்றுகூட நனையவில்லை. பாட்டில் நின்றால் மேலே இருக்கிற காற்று மட்டும் மூடி வழியாகத் தப்பிப் போகிறது. படுத்தால் அந்தக் காற்று எண்ணெயைத் தள்ளுகிறது. ஊட்டியில் ஒரு பாட்டிலைத் திறந்து மூடி, அப்படியே கோபிக்குக் கொண்டுவந்தேன். இங்கே வந்து திருகினால் மூடி அசையவில்லை, துணி போட்டுப் பிடித்துத் திறக்க வேண்டியிருந்தது. மூடியில் குறை இருந்தால் அப்படி இறுகாது. பெட்டிக்குள் எந்தப் பாட்டிலும் நின்றபடியே போகாது, அதுதான் விஷயம். அதை முன்பே யோசிக்காமல் போனது என் தப்பு.

அதனால் விமானத்தில் போகிற ஊறுகாயையும் தொக்கையும் இனிப் பாட்டிலில் தருவதில்லை. காற்றை உறிஞ்சி எடுத்துச் சூட்டில் ஒட்டுகிற பையில், அதற்கு மேல் இன்னொரு பை போட்டுத் தருகிறோம். உள்ளே காற்று இல்லையென்றால் விரிய ஒன்றும் இல்லை. அந்த மெஷினைப் புதிதாக வாங்கியிருக்கிறோம். இந்தக் கட்டுக்குக் கிலோவுக்கு 60 ரூபாய் சேரும், கட்டிய பொருளைத் திருப்பி வாங்க இயலாது. வீட்டில் துண்டு, பழைய துணி எதையாவது சுற்றிப் பெட்டிக்கு நடுவில் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம்.

அப்புறம், போய் இறங்குகிற நாட்டின் சட்டம். இதைச் சொல்லாமல் பொருள் கொடுக்கக் கூடாது என்று இப்போது கடையில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட முக்கியம் கசகசா. அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. கோயம்புத்தூரில் இருந்து நேராக ஷார்ஜா விமானம் இருப்பதால் நம் பக்கத்தில் இருந்து போகிறவர்கள் அதிகம். கைப்பிடிக் கசகசா இருந்தாலும் ஆள் மாட்டிக்கொள்வார். பொட்டலம் கட்டி வைப்பது மட்டும் இல்லை, நம் குருமாப் பொடியிலும் கசகசா உண்டு. துபாய், ஷார்ஜா, அபுதாபி என்று சொன்னால் கசகசா போடாத பொடியைத் தனியாக அரைத்துத் தருகிறோம். எந்த ஊருக்கு என்று நாங்கள் கேட்கும்போது, "எதுக்குக் கேக்கறீங்க" என்று தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவுக்கு அரிசியைப் பெட்டியில் கொண்டு போக விடுவதில்லை. கப்ரா வண்டு என்று தானியத்தைத் தின்கிற பூச்சி ஒன்று, அது இருக்கிற நாடுகளில் நாமும் ஒன்று. அதனால் நம் அரிசிம்பருப்பு மிக்ஸ் அங்கே வேண்டாம். அரிசியும் பருப்பும் அங்கேயே கிடைக்கும், மசாலாவை மட்டும் தனியாகத் தருகிறோம். சின்ன வெங்காயம் வதக்கி அதைப் போட்டால் அம்மாயி வீட்டுச் சுவை வந்துவிடும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கிற நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு போகும் என்று தடுத்திருக்கிறார்கள். கறி வகைகளும் வேண்டாம். எதைக் கொண்டு போனாலும் "உணவு இருக்கிறது" என்று முன்னாலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். சொன்னால், கூடாத பொருளை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். மறைத்தால் 10,000 டாலர் வரை அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

ஆஸ்திரேலியாவுக்கு நெய்யும் பால் இனிப்பும் வாங்க வேண்டாம், கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் காரணமாக அங்கே விடுவதில்லை. பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் நெய், வெண்ணெய், கறி கூடாது. எனக்கு விற்பனை போகிறதே என்று பார்த்தால் முடியுமா, பறிகொடுத்துவிட்டு நிற்பது உங்கள் பிள்ளை.

கொப்பரை கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காங்கேயம் பக்கத்துக் கொப்பரை என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அதில் இருக்கிற எண்ணெயால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானச் சரக்கு விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். பெட்டியில் போடக்கூடாது. 2024 சபரிமலை சீசனில் இருமுடித் தேங்காயைக் கையில் கொண்டுபோக விட்டார்கள். அது சாமிமார்களுக்கு மட்டும் கொடுத்த சலுகை. அதைச் சொல்லி வாதாடிப் பயனில்லை.

எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விமானத்தில் பொதுவாகப் பெட்டிக்கு 15 கிலோ, கைக்கு 7 கிலோ. வெளிநாட்டுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட்டில் போட்டிருக்கும். நம் தராசிலேயே மொத்தமாக எடை போட்டு எழுதித் தருகிறோம்.

இந்த ஒரு மாதத்தில், அந்தச் செய்தியைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்காமல் எப்போதும்போல வந்து வாங்கிப் போனவர்கள் நிறையப் பேர். நம்பியூரில் இருந்து ஒரு ஐயா, "நான் முப்பது வருசமா திங்கறேன், எனக்குத் தெரியாதா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரம்மா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அந்த ஒரு பேச்சுத்தான். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பட்டியலோடு வருகிறவர்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தால் நல்லது. பொடியை அரைத்து ஆறவைத்துத்தான் பையில் அடைக்க முடியும், சூட்டோடு அடைத்தால் வியர்த்துக் கட்டி தட்டிவிடும். எந்த நாடு, எந்தத் தேதி, பெட்டிக்கு எத்தனை கிலோ என்ற மூன்றையும் பட்டியலின் மேலேயே எழுதிவிடுங்கள். ஆடி 18 அன்று மட்டும் மதியம் ஒரு மணியோடு கடை மூடிவிடுவோம், நாங்களும் கூடுதுறை போக வேண்டும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் குடும்பத்தாரும்
கோபிசெட்டிப்பாளையம்