தானியேலின் கழுத்தில் இருந்தது சங்கிலியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், விவிலியத்தின் தானியேல் நூலில் வரும் பாபிலோன் அரசன் பெல்ஷாத்சாரின் விருந்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். விருந்தின் நடுவே சுவரில் எழுதப்பட்ட ‘மெனே, தெக்கேல்’ என்னும் சொற்களுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் விளக்கம் எழுதிய கட்டுரையாளர், அவற்றைப் படித்துச் சொல்பவனுக்கு அரசன் அறிவித்த பரிசை மட்டும் ‘கழுத்துக்கு ஒரு தங்கச் சங்கிலி’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். உடன் அச்சாகியிருந்த படத்திலோ, அவற்றைப் படித்துச் சொன்ன தானியேலின் மார்பில் மூன்று சரமாகச் சங்கிலி தொங்குகிறது. அந்த அணியின் பெயரைக் குறித்துச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

தானியேல் நூலின் இரண்டாம் அதிகாரத்து நான்காம் வசனத்தின் நடுவில் தொடங்கி ஏழாம் அதிகாரத்தின் முடிவு வரையுள்ள பகுதி எபிரேயத்தில் இல்லை, அரமேயத்தில் இருக்கிறது. அதில் ஐந்தாம் அதிகாரத்தின் 7, 16, 29 ஆகிய மூன்று வசனங்களில் வரும் சொல் ‘ஹம்னீகா’. விவிலியத்தில் வேறெங்கும் இது இல்லை. ஏட்டில் எழுதப்பட்டிருக்கும் வடிவத்தில் நூன் என்னும் எழுத்துக்கு முன்னால் வாவ் என்னும் எழுத்து நிற்க, வாசிக்க வேண்டிய வடிவமாக யூத மரபினர் குறித்து வைத்ததிலோ வாவ் இல்லாமல் நூனுக்குப் பின்னால் யோத் என்னும் எழுத்து வருகிறது. படியெடுத்தவர்களுக்கே சொல் அயலாகப் பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அயற்சொல்தான், பாரசீகத்திலிருந்து வந்தது. பாபிலோன் கி.மு. 539இல் பாரசீகரிடம் வீழ்ந்த தறுவாயைச் சொல்லும் கதையில், பாபிலோனின் அரசன் வாயிலேயே பாரசீகப் பரிசின் பெயர் வருவதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

சொற்பிறப்பை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார், இது இடைக்கச்சையைக் குறித்த பழைய ஈரானியச் சொல்லின் குறுமை வடிவம் என்கிறார்கள். அதைக் கொண்டு ‘அப்படியானால் இது அரைப்பட்டிகையோ’ என்று ஐயுறத் தேவையில்லை. ‘அவன் கழுத்தின்மேல்’ என்று மூலமே மூன்று இடத்திலும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, அது எந்த உறுப்பில் ஏறி உட்கார்ந்தது என்பது வேறு.

கழுத்தணிதான் என்றால் எத்தகைய கழுத்தணி என்பதே கேள்வி. பழைய கிரேக்க மொழிபெயர்ப்புகள் இவ்விடத்தில் ‘மானியாகேஸ்’ என்ற சொல்லை வைக்கின்றன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பொலிபியுஸ், பண்டைய ஐரோப்பாவின் ‘கால்’ (Gaul) இனத்து வீரர்கள் கழுத்திலும் கையிலும் அணிந்த பொன் வளையத்துக்கு இதே சொல்லைத்தான் வழங்குகிறார். பழைய இலத்தீன் விவிலியமான வுல்காத்தாவில் ‘தோர்க்குவெஸ்’ என்று இருக்கிறது. ‘முறுக்கு’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் அது. ஆக, பண்டைக்காலத்து மொழிபெயர்ப்பாளர்களின் மனத்தில் இருந்தது கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி அன்று, வளையாத பொன் வளையம். பாரசீகர் அணிந்ததும் அதுவே. பாரசீகப் பேரரசின் தலைநகர்களுள் ஒன்றான சூசாவில் 1901இல் ஒரு கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டு இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பொன் வளையத்தின் இரு நுனிகளிலும் சிங்கத் தலைகள் முன்பக்கம் எதிரெதிராக நோக்குகின்றன. பாரசீகர் ஆண்ட காலத்து எகிப்திய அதிகாரி ப்தாஹோதெப்பின் சிலையிலும் அப்படியொரு வளையம் கழுத்தில் இருக்கிறது. அதன் நுனிகளில் இருப்பவை மலையாடுகள்.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா என்றால், இருக்கிறது: காறை. பெரியாழ்வார் ‘காறை பூணும் கண்ணாடி காணும்’ என்று பாடிய அதே காறை. என் பாட்டி சிறுமியாக இருந்தபோது அணிந்த வெள்ளிக் காறை எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. சுண்டுவிரல் தடிமனுள்ள கம்பி. இரு நுனிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சற்றே அகற்றி, கழுத்தைப் பக்கவாட்டில் நுழைத்து, பிறகு திருப்பிவிட வேண்டும். மார்பில் தொங்காது, கழுத்தடியில் படிந்து கிடக்கும், தலையை வேகமாகத் திருப்பினால் எலும்பில் இடிக்கும். அணிந்திருப்பவருக்கு அது ஒரு கணமும் மறக்காது.

பாரசீக அரசவையில் அதன் நோக்கமும் அதுதான். அரசன் கொடுத்தாலன்றி இத்தகைய பொன் வளையங்களை அங்கே யாரும் அணியக்கூடாது என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதுகிறார். நம் மன்னர்கள் படைத்தலைவர்க்குச் சிறப்பாக அளித்ததை ‘ஏனாதி மோதிரம்’ என்று சொன்னோமே, அந்த வகையில் சேர்க்க வேண்டிய பொருள் இது. விரலுக்குப் பதில் கழுத்து. எத்தியோப்பிய மன்னனுக்குப் பாரசீக அரசன் கம்பீசஸ் பொன் கழுத்து வளையமும் கைவளைகளும் அனுப்பியபோது, அவற்றை விலங்குகள் என்று எண்ணிய அம்மன்னன் சிரித்து, ‘எங்களிடம் இதைவிட உறுதியான விலங்குகள் உண்டு’ என்றானாம். கிரேக்க வரலாற்றாசிரியர் ஏரோதொத்துசு சொல்லும் கதை. ‘உம்முடைய வெகுமதி உம்மிடமே இருக்கட்டும்’ என்று தானியேல் முதலில் மறுத்ததை நினைக்கையில் எனக்கு அந்தச் சிரிப்பும் நினைவுக்கு வருகிறது. மறுத்தும் அணிவித்தார்கள், அணிவித்த அரசன் அன்றிரவே கொல்லப்பட்டான்.

நமது பழைய மொழிபெயர்ப்பில் உள்ள ‘பொற்சரப்பணி’ அழகான சொல்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஆதியாகமம் 41:42இல் யோசேப்புக்குப் பார்வோன் அணிவித்த, எபிரேயத்தில் ‘ராவீத்’ எனப்படும் அணிக்கும் அதே சொல்லைப் போட்டதால், இரண்டும் வெவ்வேறு மொழியின் வெவ்வேறு பெயர்கள் என்பது தமிழ் வாசகருக்குத் தெரியாமலே போய்விட்டது. தர்கூம் எனப்படும் பழைய அரமேய மொழிபெயர்ப்பும் யோசேப்பின் அணியை ‘மனீகா’ என்றே பெயர்த்திருப்பதால், மொழிபெயர்த்தவர்கள் செய்தது தவறு என்று சொல்ல நான் முன்வரமாட்டேன். சரப்பணியைச் சங்கிலியாகச் சுருக்கியதைத்தான் ஏற்க முடியவில்லை. காறை என்றால் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது என்று சிலர் சொல்லக்கூடும். சரப்பணி மட்டும் விளங்குகிறதா என்ன?

இக்கட்டுரைத் தொடர் நூலாக வெளிவரும்போது, அந்த வரியைத் திருத்துவதோடு படத்தையும் மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓவியர் விரும்பினால் எங்கள் வீட்டுக் காறையின் ஒளிப்படத்தை அனுப்பி வைக்கிறேன். நுனிகளில் சிங்கத் தலைகளை மட்டும் அவரே வரைந்துகொள்ள வேண்டியிருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.