கிளை நூலகத் திருப்பணி நிறைவு: வாசகர் வட்ட உறுப்பினர்களுக்கு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் கிளை நூலகத்தில் எடுத்த வேலைகள் முடிந்து, கதவும் திறந்தாயிற்று. ரசீது வாரியான வரவு செலவுக் கணக்கை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். ‘இருக்கிற பணத்தில் இதை ஏன் செய்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள்?’ என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த அறிக்கை அதற்காகத்தான்.

பொதுக்குழுவில் எழுந்த கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக எல்லோரும் கட்டுகிறோம். 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் போட்டுக் கொடுத்த வழி அது. வரியையும் கட்டிவிட்டு நன்கொடையும் கொடுப்பதா என்று சிலர் கேட்டது நியாயமே. புத்தகமும் நாளிதழும் கரண்ட் பில்லும் அந்த ஏற்பாட்டில் நடந்துவிடுகின்றன. கட்டடப் பழுது வரிசையில் நம் முறை வருவதற்குள் இன்னும் எத்தனை மழைக்காலம் போகுமோ என்றுதான் மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு நாமே இறங்கினோம். கட்டடம் நூலக ஆணைக் குழுவுடையது, நாற்காலி மேசை உட்பட எல்லாம் பதிவேட்டில் ஏறியவை. கால் உடைந்த ஒரு பெஞ்சை வெளியே போடக்கூட நூலகர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சலிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அதுதான் முறை.

பணத்தில் பெரும்பகுதி மொட்டைமாடிக்கே போயிற்று. உள்ளே வந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது என்பதால் சிலருக்கு ஏமாற்றம், ஏசி போட்டிருக்கலாமே என்கிறார்கள். ஒழுகுகிற தளத்துக்குக் கீழே ஏசி மாட்டி என்ன செய்வது? முன்பு ஒரு ஒப்பந்தக்காரர் பெயின்ட் மாதிரி ஏதோ பூச்சு அடித்து, இனிக் கவலையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஐப்பசி மழையிலேயே அது தோல் தோலாக உரிந்து வந்தது. இந்த முறை மாடித் தளத்தில் பதித்திருந்த பழைய தட்டோட்டை முழுக்கப் பெயர்த்தெடுத்தோம். விரிசல்களை அடைத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்து, மேலே புதுத் தட்டோடு பதித்தோம். ஜல்லியைக் கட்டையால் தட்டித் தட்டிக் கெட்டிக்கிற வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பதே பாடு. எல்லாம் முடிந்ததும் குழாய் வாய்களை அடைத்துவிட்டு மாடி முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்தினோம். முன்பெல்லாம் 894.8113 எண் போட்ட தமிழ் நாவல் வரிசைக்கு நேர் மேலேதான் சொட்டும். அங்கே ஸ்டூல் போட்டு ஏறித் தடவிப் பார்த்தோம், பொட்டு ஈரம்கூட இல்லை.

அடுத்தது கரையான். சுவரும் தரையும் சேருகிற விளிம்பு நெடுகத் துளை போட்டு மருந்து இறக்கியாயிற்று. அரித்துப்போன மர அலமாரிகளுக்குப் பதில் இரும்பு ரேக்குகள் வந்திருக்கின்றன. கீழ்த்தட்டைத் தரையிலிருந்து அரை அடி தூக்கி வைத்திருக்கிறோம். தெருவில் தண்ணீர் நின்றால் முதலில் நனைவது அந்தத் தட்டுதான். பிள்ளைகள் பிடித்து ஏறுவார்கள் என்பதால் ஒவ்வொரு ரேக்கையும் சுவரோடு சேர்த்து போல்ட் முடுக்கியிருக்கிறது.

கிழிந்த புத்தகங்களை வெளியே பைண்டிங்குக்கு அனுப்பவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் வராந்தாவில் உட்கார்ந்து அத்தனையையும் தைத்துக் கொடுத்தார். மைதாப் பசை காய்ச்சும்போது சிட்டிகை மயில்துத்தம் போடுவார், அப்போதுதான் பூச்சி அண்டாது. அது விஷம் என்பதால் பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை. ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒரே தாளாக அச்சிட்டு மடித்த பக்கக் கட்டுகளாகத் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி, அட்டை போட்டு, ராத்திரி முழுக்கப் பாரம் ஏற்றி வைப்பார். பாரத்துக்குப் பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகளைத்தான் எடுத்துக்கொண்டார். அவற்றை ஒருவர் கையில் எடுத்து ரொம்ப நாளாயிற்று என்று நூலகருக்குச் சந்தோஷம்.

சாய்தளத்தைப் பற்றி நிறையப் பேச்சு வந்தது. வாசல் படி இரண்டும் சேர்ந்து ஒரு அடி உயரம். ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடையாது. “ஆறடியில முடிச்சிரலாம் சார், ஸ்கூட்டரே ஏறும்” என்றார் மேஸ்திரி. ஸ்கூட்டர் ஏறும், அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிற மகளால் ஏற்ற முடியாது. ஆகவே சுவரை ஒட்டி நீளமாகக் கொண்டுபோய், நடுவில் சமதளம் விட்டுத் திருப்பி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தோம். அதில் வண்டி நிறுத்துகிற இடம் பாதி போய்விட்டது. வருத்தப்படுகிறவர்கள் எதிர்ச் சந்தில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும், வேறு வழியில்லை. வரமுடியாதவர்களுக்கு நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகிறார்களே, இது எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். பேப்பர் படித்துக்கொண்டே நாலு பேரிடம் அரசியல் பேச ஆசைப்படுகிறவர் இங்கேதான் வந்தாக வேண்டும்.

பெண்கள் கழிப்பறையும் தயார். இத்தனை வருடம் இல்லாமல் எப்படி ஓட்டினோம் என்பதுதான் ஆச்சரியம்.

இருக்கைச் சண்டை உங்களுக்குத் தெரிந்ததே. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டால் காலை எட்டு மணிக்கே தம்பிகளும் தங்கைகளும் பையை வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். நாளிதழ் படிக்க வருகிற பெரியவர்கள் நின்றுகொண்டே படித்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். சொந்தப் புத்தகத்தோடு வருகிறவர்களை நிறுத்திவிடலாம் என்று குழுவிலேயே ஒரு யோசனை இருந்தது. எங்களில் சிலர் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே சொந்த நூல் படிப்போருக்கென்றே தரைத்தளத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. வீட்டில் ஒரே அறையில் நாலு பேர் புழங்குகிற பிள்ளை வேறெங்கே போய்ப் படிக்கும்? பழைய சாமான் அறையைக் காலி செய்து, ஜன்னல் வைத்து, நீள மேசையும் பிளக் பாயின்ட்டும் போட்டு அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பாடநூல்களும் அங்கேயே உண்டு. கூடம் மறுபடி நாளிதழ்காரர்களுக்கு. அந்த அறையில் செல்போன் பேசக்கூடாது, கூடத்திலும் கொஞ்சம் மெதுவாகப் பேசினால் நல்லது.

பிள்ளைகள் பகுதியில் உயரம் குறைந்த ரேக், தரையில் பாய். சுவரில் நம் ஓவிய ஆசிரியர் ஒரு மாட்டுவண்டி வரைந்திருக்கிறார். 1931-ல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஓடவிட்ட நடமாடும் நூலக வண்டி அது. மாடு எந்தப் புத்தகம் படிக்கும் என்று ஒரு குட்டிப்பெண் கேட்டாள், இதுவரை யாரும் சரியான பதில் சொல்லவில்லை. ஞாயிறு காலைக் கதை நேரம் இனி இங்கேதான். கதை சொல்ல வருகிறவர்கள் நூலகரிடம் பெயர் கொடுங்கள்.

நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் வெட்டவில்லை. கோயில் டியூப் லைட்டில் உபயம் எழுதி எழுதியே வெளிச்சத்தை மறைத்துவிடுவார்களே, அந்தப் பழக்கம் இங்கே வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவானது. 1000 ரூபாய் கட்டிப் புரவலரானவர்கள் பெயர் மட்டும் வழக்கம்போல் புரவலர் பலகையில் ஏறும்.

முடியாதவை: இன்வெர்ட்டர் வாங்கப் பணம் போதவில்லை. முன்பக்க மதில் பூசாமலே நிற்கிறது. மீதமுள்ள சிறு தொகையை வைப்பில் போட்டு, ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில் மாடிக் குழாய்களில் சருகு எடுக்க மட்டும் பயன்படுத்தலாம் என்பது எங்கள் யோசனை. அடுத்த பொதுக்குழுவில் நீங்கள் தீர்மானியுங்கள்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். வேலை தொடங்குமுன் எடுத்துப்போன புத்தகங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. புது ரேக்கில் இடைவெளி தெரிகிறது. கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் மட்டும் வர வேண்டாம், விடுமுறை.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு, வாசகர் வட்டம்